மண்ணின் பசி அறிந்த லீபிக்



கெமிஸ்ட்ரி லேபில் ஆவியைக் குளிர வைக்கும் நீளமான கண்ணாடிக் குழாயை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ‘லீபிக் கண்டென்சர்’ என்று ரெக்கார்டு நோட்டில் படமும் வரைந்திருக்கிறோம். அந்த லீபிக்குக்கும் வயலில் போடும் உரத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. அதைத்தான் இந்த மலரில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

யூஸ்டுஸ் லீபிக் 1803-ஆம் ஆண்டு மே 12-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் பிறந்தார். அப்பா சாயம், வார்னிஷ் தயாரித்து விற்பவர். பையனுக்குப் பள்ளிப் படிப்பு ஏறவில்லை. மனசெல்லாம் அப்பாவின் பட்டறையில்தான். 1816-இல் கோடையே வராமல் ஐரோப்பாவில் பயிர்கள் பொய்த்துப் பஞ்சம் வந்தது. அப்போது அவருக்கு வயது 13.

பிறகு பான், எர்லாங்கன் பல்கலைக்கழகங்களில் படித்தார். பாரிஸில் கே-லூசாக்கிடம் வேலை கற்றார். 1824-இல் கீசன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனபோது வயது 21தான்! நம்மில் சிலருக்கு அரியர்கூட முடியாத வயசு! ஆசிரியர் செய்து காட்ட, மாணவர் வேடிக்கை பார்த்த காலம் அது. கீசனில் மாணவர்களே கையால் சோதனை செய்தார்கள். நம்ம பிராக்டிகல் வகுப்புக்கு அதுதான் தாத்தா.

1840-இல் வேளாண் வேதியியல் பற்றி ஒரு நூல் எழுதினார். செடி மண்ணிலிருந்து தாது உப்புகளை எடுக்கிறது. எடுத்ததைத் திருப்பித் தராவிட்டால் மண் இளைத்துப்போகும் என்பது அதன் சாரம். எந்தச் சத்து மிகக் குறைவோ அதுவே விளைச்சலைக் கட்டுப்படுத்தும் என்ற விதியை அவருக்கு முன்பே ஷ்ப்ரெங்கல் கண்டிருந்தார்; ஊரறியப் பரப்பியவர் லீபிக்.

அதே நூலில் கரியைப் பற்றியும் எழுதினார். கரித்தூள் தன் பருமனைப்போல் 90 மடங்கு அம்மோனியா வாயுவை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் பட்டால் திருப்பிக் கொடுக்கும் என்றார். இன்று பயோசார் என்று பேசுகிறோமே, அதன் சூட்சுமங்களில் ஒன்றை அன்றே தொட்டுவிட்டார்!

ஆனால் நைட்ரஜனில் சறுக்கினார். மழையோடு வரும் அம்மோனியாவே பயிருக்குப் போதும் என்று நம்பினார். 1845-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற அவரது உரம் தாது உப்புகளையே பெரிதாக நம்பியது. மழையில் கரைந்து ஓடிவிடக் கூடாதென்று உப்புகளை உருக்கிச் சேர்த்ததால், அவை செடிக்கும் கரைந்து கிடைக்கவில்லை. உரம் தோற்றது.

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் லாஸும் கில்பர்ட்டும் 1843-இல் கோதுமைப் பாத்திகளில் சோதனை தொடங்கினார்கள். தாது உப்பு மட்டும் போட்ட பாத்தியில் விளைச்சல் அதிகம் கூடவில்லை. அதோடு அம்மோனிய உப்பும் சேர்ந்த பாத்தி செழித்தது. இந்த கில்பர்ட் யார் தெரியுமா? கீசனில் லீபிக்கிடமே படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர்! குருவின் சொல்லைச் சீடனின் தராசு எடைபோட்டது. உப்புகளை உருக்கியது தவறு என்பதைப் பின்னாளில் லீபிக் ஏற்றார். நைட்ரஜன் விஷயத்தில் முழுசாக இறங்கி வரவில்லை. 1873 ஏப்ரல் 18-இல் மியூனிக்கில் மறைந்தார்.

இன்று இரு தரப்பு உண்மையும் ஒரே வயலில் சேர்கின்றன. உமியையும் தட்டையையும் காற்று அதிகம் படாமல் சுட்டால் பயோசார் கிடைக்கும். அதில் பயிருக்கு உடனே கிடைக்கும் நைட்ரஜன் மிகக் குறைவு. சில வகைக் கரியைத் தனியாகப் போட்டால், மண்ணில் இருக்கும் நைட்ரஜனையும் கொஞ்ச காலம் பிடித்து வைத்துக்கொள்ளும். யூரியாவை மட்டும் போட்டாலோ ஒரு பகுதி ஆவியாகவும், ஒரு பகுதி தண்ணீரோடும் போய்விடும். இரண்டையும் அளவோடு சேர்த்தால், அமிலத்தன்மையுள்ள, சத்து குறைந்த மண்ணில் நல்ல பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். கார மண்ணில் அந்த அளவு எதிர்பார்க்க முடியாது. மண்ணைச் சோதித்த பிறகே உரம்!

என்னைக் கேட்டால், லீபிக்கின் பெருமை அவர் நூலைவிட அவர் லேபில்தான் இருக்கிறது. தன்னையே திருத்தக்கூடிய மாணவனை அது உருவாக்கியது. ஆகவே நண்பர்களே, சோதனையில் வந்த ரீடிங்கை, புத்தகத்தில் இருக்கும் விடைக்காக மாற்றி எழுதாதீர்கள். யார் கண்டது, உங்கள் ரீடிங்கே சரியாக இருக்கலாம்!