வடகொழும்பின் வாக்கில் வென்ற நேசம் சரவணமுத்து அம்மையார்

நமது பாடசாலையை வளர்த்த அதிபர்களையும் ஆசிரியைகளையும் பற்றிப் பல சகோதரிகள் இம்மலரில் எழுதியுள்ளனர். மட்டக்குளி, முகத்துவாரம், கொட்டாஞ்சேனைப் பகுதிகளை உள்ளடக்கிய வடகொழும்பின் குரலாக, ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் நாட்டின் சட்டவாக்கச் சபையில் அமர்ந்த ஒரு பெண்மணியையும் நாம் நினைவுகூர்வது பொருத்தம். அவர்தான் நேசம் சரவணமுத்து. இலங்கையின் சட்டவாக்கச் சபைக்குத் தெரிவான முதல் தமிழ்ப் பெண் அவரே.

அவர் காலத்தை அறியாமல் அவரை அறிய முடியாது. பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் எனக் கோரி 1927 டிசம்பரில் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தொடங்கப்பட்டது. அச்சமயம் இங்கு வந்திருந்த டொனமூர் ஆணைக்குழுவின் முன் அச்சங்கத்தினர் சாட்சியம் அளித்தனர். எதிர்ப்பும் பலமாகவே இருந்தது. பெண்பிள்ளைகளுக்கென 1913இல் யாழ்ப்பாணத்தில் கல்லூரி நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களே பெண்களுக்கு வாக்குரிமை அளிப்பதை ஏற்கவில்லை. பெண்களுக்கு முப்பது வயதின் பின்னரே வாக்கு என்று ஆணைக்குழு சிபாரிசு செய்தது. முடிவில், 1931இல் ஆண், பெண் இருபாலாருக்கும் இருபத்தொரு வயதில் வாக்குரிமை கிடைத்தது. இங்கிலாந்துப் பெண்கள் ஆண்களோடு சமமான வாக்குரிமை பெற்று அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. பிரான்சின் பெண்கள் 1944வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1931 தேர்தலில் வடகொழும்பு மக்கள் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்துவைத் தெரிவு செய்தனர். ஆயினும் தேர்தல் மனுவொன்றினால் அவர் தமது ஆசனத்தை இழந்தார். 1932 மே மாதம் நடந்த இடைத்தேர்தலில் அவரது துணைவியார் நேசம் போட்டியிட்டு வென்றார். அதற்குச் சில மாதங்கள் முன்னர் ருவன்வெல்லையில் வென்ற அடலின் மொலமுறே அம்மையாருக்கு அடுத்ததாக, அரசாங்க சபையில் அமர்ந்த இரண்டாவது பெண் இவர். கணவரின் இடத்துக்கு மனைவி வந்தார் என்று சிலர் இதைச் சுருக்கிச் சொல்வதுண்டு. ஆனால் 1936 பொதுத் தேர்தலிலும் மக்கள் அவரையே மீண்டும் அனுப்பினர். இரண்டாம் முறை கிடைத்த வாக்கு அவர் தாமே உழைத்துப் பெற்றது.

அவருக்கு வாக்களித்தவர்கள் யார்? துறைமுகத்தில் மூட்டை சுமந்த நாட்டாமைகள், ஆற்றோரத்தும் கடலோரத்தும் மீனவக் குடும்பங்கள், தோட்டங்களில் ஒரே குழாயடியைப் பகிர்ந்து வாழ்ந்த தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும். அவர்களுள் எழுத வாசிக்கத் தெரியாத பெண்களும் இருந்தனர். அக்காலத்தில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம் ஒதுக்கப்பட்டு, அந்த நிறத்துப் பெட்டியில் வாக்குச் சீட்டு இடப்பட்டது. நிறத்தை அடையாளம் கண்ட கைகளே நேசம் அம்மையாரைச் சபைக்கு அனுப்பின.

அவர் சபைக்குள் நுழைந்த வேளை, யாழ்ப்பாண வாலிப காங்கிரஸின் பகிஷ்கரிப்பால் வடக்கின் நான்கு ஆசனங்கள் வெறுமையாய் இருந்தன. 1934இல்தான் அவை நிரப்பப்பட்டன. வடபுலத்தின் குரல் சபையில் குன்றியிருந்த அந்நாட்களில், தலைநகரின் உழைக்கும் மக்கள் ஒரு தமிழ்ப் பெண்ணை அங்கே அமர்த்தியிருந்தனர். சபையின் வேலையும் பேச்சோடு முடியவில்லை. உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து, கல்வி, சுகாதாரம், தொழில் போன்ற துறைகளை நடத்துவதில் பங்கேற்றனர். 1936க்குப் பின் அச்சபையில் இருந்த ஒரே பெண் நேசம் அம்மையார். 1937இல் அவர் கணவர் கொழும்பு மாநகர சபையின் மேயரானார். மனைவி காலிமுகத்திடலில் அரசாங்க சபையிலும் கணவர் நகர மண்டபத்திலுமாகப் பணியாற்றிய அபூர்வ காட்சியை அக்காலக் கொழும்பு கண்டது.

1941 ஜனவரியில், பதவியில் இருக்கும்போதே அம்மையார் காலமானார். அதன்பின் அரசாங்க சபையில் பெண் எவரும் அமரவில்லை. 1947இல் புளோரன்ஸ் சேனாநாயக்க பாராளுமன்றம் புகுந்தார். நேசம் அம்மையாருக்குப் பின் இன்னொரு தமிழ்ப் பெண் நாட்டின் சட்டமன்றத்தில் அமர்வதற்கு 1980வரை, அதாவது முப்பத்தொன்பது ஆண்டுகள், செல்ல வேண்டியிருந்தது. அவ்வாண்டில் பொத்துவில் தொகுதிக்கு வந்தவர் ரங்கநாயகி பத்மநாதன்.

அவர் கணவரின் சகோதரர் பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயரைக் கிரிக்கெட் தெரிந்த எல்லோரும் அறிவர். 1982இல் இலங்கையின் முதலாவது டெஸ்ட் போட்டி நடந்த மைதானம் அவர் பெயரையே தாங்குகிறது. நேசம் அம்மையாரின் பெயரோ பெரும்பாலும் பழைய உறுப்பினர் பட்டியல்களோடு நின்றுவிட்டது. அவருக்கு வாக்களித்த பெண்களின் பெயர்கள் அங்கும் இல்லை. அவர்களுள் இந்திய வம்சாவளியினர் பலர், 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் குடியுரிமையையும் அந்த வாக்கையும் ஒருசேர இழந்தனர்.

அவர்கள் நம் பாட்டிமார், பூட்டிமார். எந்த நாட்டில் வாழ்ந்தாலும் சகோதரிகளே, வீட்டில் முதன்முதலாக வாக்களித்த பெண் யார், என்ன தொழில் செய்தார், எந்தத் தோட்டத்தில் வாழ்ந்தார் என்று மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். பழைய படம் இருந்தால் அதன் பின்புறத்தில் பெயரையும் ஊரையும் குறியுங்கள். சங்கத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். நேசம் அம்மையாரின் பெயருக்குப் பக்கத்தில் அப்பெயர்களும் சேரும்போதுதான் வடகொழும்பின் வரலாறு முழுமை பெறும்.