3,000 ஹிட்டோடு நின்ற கணக்கு: யார் இந்த ராபர்டோ கிளெமென்டே?

1972 டிசம்பர் 23. நிகரகுவா தலைநகர் மனாகுவாவை நிலநடுக்கம் புரட்டிப் போட்டது. போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த பேஸ்பால் நட்சத்திரம் ராபர்டோ கிளெமென்டே உடனே நிவாரணப் பொருட்களைத் திரட்டி அனுப்பினார். ஆனா, அதையெல்லாம் சொமோசாவின் ராணுவத்தினரே சுருட்டுறாங்கன்னு தகவல் வந்தது. தானே கூடப் போனால் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று நம்பினார்.

டிசம்பர் 31 இரவு, அளவுக்கு மீறி சரக்கு ஏற்றிய பழைய டிசி-7 விமானம் அது. சான் ஹுவானில் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே கடலில் விழுந்தது. அவரோடு சேர்த்து 5 பேர் பலி. அவருக்கு வயசு 38தான்.

18 சீசனும் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணிக்கே ஆடியவர். 3,000-வது ஹிட் அடித்து 3 மாதம்தான் ஆகியிருந்தது. 5 ஆண்டு காத்திருப்பு விதியைத் தளர்த்தி, 1973-லேயே ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள்.

அவர் உடல் கிடைக்கவே இல்லை. நெருங்கிய நண்பரான சக வீரர் மேனி சங்கியென், இரங்கல் நிகழ்ச்சிக்குக்கூடப் போகாமல் கடலில் குதித்துத் தேடிக்கொண்டிருந்தார்.