காற்றே போதும்னு அடம்பிடித்த ஹோண்டா... ‘கோல்ட் விங்’கில் ரேடியேட்டர் வந்தது எப்படி?

ஆறு சிலிண்டர், 1,833 சிசி, 400 கிலோவை நெருங்கும் எடை, பின்னால் எடுக்க ரிவர்ஸ் வேற. நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்யப்பட்ட பைக் ஹோண்டா ‘கோல்ட் விங்’. அதில் யார் பெயர் இருக்கோ, அந்த மனுஷன் தண்ணீரால் குளிரும் என்ஜினே வேண்டாம்னு நின்னவர் தெரியுமா?

சோய்ச்சிரோ ஹோண்டா 1906-ல் ஜப்பானின் ஹமாமட்சு அருகே ஒரு கிராமத்தில், கொல்லர் மகனாகப் பிறந்தார். 15 வயதில் டோக்கியோ மெக்கானிக் ஷாப்பில் எடுபிடி வேலை. பிறகு பிஸ்டன் ரிங் தொழிற்சாலை. போரும் 1945 நிலநடுக்கமும் அதைக் காலி செய்தன. மிச்சத்தை டொயோட்டாவிடம் விற்றுவிட்டு, ராணுவத்தின் பழைய ரேடியோ ஜெனரேட்டர் என்ஜின்களை சைக்கிளில் மாட்டி விற்றார். 1948-ல் ஹோண்டா கம்பெனி பிறந்தது.

சின்ன பைக் என்ஜின்களில் பக்கவாட்டில் தகடு தகடாக இருக்குமே, அது காற்றில் சூடு ஆறுவதற்கு. ஹோண்டாவுக்கு அதுதான் சரி. தண்ணீரையும் கடைசியில் ரேடியேட்டரில் காற்றுதானே ஆற்றுது, நடுவில் தண்ணீர் எதுக்கு என்பது அவர் வாதம். கேட்க நியாயமாத்தான் இருக்கு!

1968-ல் காற்றால் குளிரும் ஃபார்முலா ஒன் கார் ஒன்றைச் செய்யவைத்தார். அது இன்னும் தயாராகலைன்னு ஜான் சர்டீஸ் ஓட்ட மறுத்துவிட்டார். பிரான்ஸ் பந்தயத்தில் அதை ஓட்டிய ஜோ ஷ்லெஸர், கார் மோதித் தீப்பிடித்ததில் இறந்துபோனார். அப்போதும் ஹோண்டா மாறல. அடுத்த வருஷம் வந்த ‘ஹோண்டா 1300’ காரும் காற்று என்ஜின்தான்.

புகையைக் குறைக்கணும்னா என்ஜின் சூடு ஒரே சீராக இருக்கணும், அதுக்குத் தண்ணீர்தான் வழி என்றார்கள் இளம் இன்ஜினீயர்கள். முதலாளியிடம் யார் சொல்வது? கம்பெனியின் வியாபாரத்தைக் கவனித்த கூட்டாளி டக்கியோ ஃபுஜிசாவாதான் பேசினார். தலைவராக இருக்கப்போகிறாரா, இன்ஜினீயராகவா என்று கேட்க, ஹோண்டா தலைவர் நாற்காலியைத் தேர்ந்தெடுத்து, இளைஞர்களுக்கு வழிவிட்டார். 1973-ல் இருவரும் சேர்ந்தே ஓய்வு பெற்றார்கள்.

மறு வருஷம் ஜெர்மனியின் கொலோன் கண்காட்சியில் வந்ததுதான் ‘கோல்ட் விங்’. 999 சிசி, தண்ணீரால் குளிரும் என்ஜின். பக்கத்துக்கு இரண்டாக நாலு சிலிண்டரையும் படுக்கவைத்திருந்தார்கள். பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில். மேலே டேங்க் மாதிரி தெரிவது வெறும் மூடி. வெயிட்டெல்லாம் கீழே இருந்ததால் இவ்வளவு பெரிய வண்டியும் தள்ளாடல. செயினுக்குப் பதில் ஷாஃப்ட், அதனால் வழியில் எண்ணெய் விடும் வேலையும் இல்லை.

ஆனா முதல் வண்டியில் காற்றுத் தடுப்பும் பெட்டியும் கிடையாது! அமெரிக்கர்கள் வெளியில் வாங்கி மாட்டிக்கிட்டு ஊர் ஊராகப் போனார்கள். அதைப் பார்த்து 1980-ல் கம்பெனியே ரெண்டையும் பொருத்திக் கொடுத்தது. 1988 மாடலில் ஆறு சிலிண்டரும், ஸ்டார்ட்டர் மோட்டாரால் நகரும் ரிவர்ஸும் வந்தன.

ஹோண்டா 1991 ஆகஸ்ட் 5-ல் காலமானார், வயது 84. இப்போது வரும் ‘கோல்ட் விங்’கிலும் ரேடியேட்டர்தான்.