விழுப்புரம் வழியே சென்ற கணித மேதை

தளவானூரிலிருந்து விழுப்புரம் வந்து கணிதம் பயிலும் எனக்கு, சீனிவாச இராமானுஜன் நம் வட்டாரத்தின் வழியே சென்றவர் என்ற செய்தி பெருமகிழ்ச்சி தந்தது. அம்மேதையின் வாழ்வைச் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகிறேன்.

1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார் இராமானுஜன். 1903-இல் கார் என்பவர் தொகுத்த கணித நூல் அவர் கைக்குக் கிட்டியது. ஆயிரக்கணக்கான முடிவுகள் அதில் இருந்தன. நிறுவல்கள் மிகக் குறைவு. அவற்றைத் தாமே நிறுவ முனைந்தவர், மற்றப் பாடங்களை மறந்தார். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை.

1909-இல் திருமணம் நடந்தது. பிழைப்புக்கு வழி வேண்டும். 1910 வாக்கில் விழுப்புரத்தில் இரயில் மாறித் திருக்கோவிலூர் சென்றார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த வி. இராமசாமி ஐயர். இராமானுஜன் வேண்டியது ஒரு சிறு எழுத்தர் வேலையே. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிய ஐயருக்கோ, அந்த அறிவைத் தாலுகா அலுவலகத்தில் புதைக்க மனம் வரவில்லை. அறிமுகக் கடிதம் தந்து சென்னைக்கு அனுப்பி வைத்தார்.

1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. அதற்காக அவர் அளித்த முதல் அறிக்கை வரையறுத்த தொகையீடுகளைப் பற்றியதே.

நாம் வகுப்பில் பயிலும் பகுதித் தொகையிடலை இங்கே நினைவுகூர்வோம். ஒரு மாறியின் ஐந்தாம் அடுக்கை, விரைந்து தேயும் அடுக்குக்குறிச் சார்பால் பெருக்கி, சுழி முதல் முடிவிலி வரை தொகையிட வேண்டும். ஒவ்வொரு முறை பகுதித் தொகையிடும்போதும் அடுக்கில் ஒன்று குறையும். ஐந்தாம் முறையில் அடுக்கு மறைந்து, 120 என்ற விடை கிட்டும். அடுக்கு அரை என்றாலோ, இவ்வழி முடிவின்றி நீளும். அவ்விடத்தில் ஆய்லரின் காமா சார்பு கைகொடுக்கிறது. அத்தொகையீட்டிலிருந்தே தொடங்கிய இராமானுஜன், ஒரு சார்பின் தொடர் விரிவில் வரும் கெழுக்களைக் கொண்டே அதன் தொகையீட்டைக் கூறும் தேற்றத்தைக் கண்டார். அது எந்நிபந்தனைகளில் பொருந்தும் என்பதை ஹார்டி பின்னர் நிறுவினார்.

1914-இல் இங்கிலாந்து சென்றார். 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நோயுடன் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-இல் தம் 32-ஆம் வயதில் மறைந்தார்.

மாணவ நண்பர்களே! தேர்வில் தேறாத ஓர் இளைஞனின் நோட்டுப் புத்தகத்தைப் பொறுமையுடன் புரட்டிப் பார்க்க ஒருவர் இருந்தார்; அதனால் உலகம் ஒரு மேதையைப் பெற்றது. தவறிய பாடத்தை மட்டுமே கொண்டு எவரையும் அளவிடலாகாது என்பதே நான் இவ்வாழ்விலிருந்து கற்ற பாடம்.