மாயூரம் வேதநாயகம் பிள்ளை

கதை கேட்க விரும்பாதார் உலகில் இலர். பாட்டியின் மடியிலிருந்து கதை கேட்கும் குழந்தை முதல், சேலத்தை அடுத்த வாழப்பாடி போன்ற ஊர்களில் இரவெல்லாம் கண்விழித்துத் தெருக்கூத்துக் காணும் முதியோர் வரை, அனைவரும் கதையின் வயப்பட்டவரே ஆவர். கசப்பான மருந்தைத் தேனிற் குழைத்துத் தரும் மருத்துவரைப் போல, நம் முன்னோர் அறத்தைக் கதையிற் குழைத்து உணர்த்தினர். ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரையில், தமிழில் எழுந்த பெருங்கதைகள் பெரும்பாலும் செய்யுளிலேயே அமைந்திருந்தன. எளியோரும் கேட்டு உணரத்தக்க உரைநடையில் நெடுங்கதை ஒன்று இல்லையே என்னும் குறை நம் மொழிக்கு இருந்தது. அக்குறையைப் போக்கிய பெருமை மாயூரம் வேதநாயகம் பிள்ளைக்கு உரியது. அவர் கிறித்துவ சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். அப்பற்று அவர் எழுதிய கதையில் எவ்வாறு வடிவு கொண்டது என்பது நாம் சிறப்பாக அறியத்தக்கது.

வேதநாயகம் பிள்ளை 1826ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள், திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த குளத்தூரில் பிறந்தார். இவர்தம் தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை. தாயார் ஆரோக்கிய மரி அம்மையார். கத்தோலிக்கக் கிறித்துவ நெறியில் நின்ற அக்குடும்பத்தில், இறைவனிடம் அன்பும் தமிழினிடம் ஆர்வமும் ஒருங்கே வளரப் பெற்றார். திருச்சிராப்பள்ளி வழக்கு மன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகப் பிள்ளை என்பாரிடம் தமிழும் ஆங்கிலமும் பயின்றார். கற்றதைக் கசடறக் கற்றமையால் இளமையிலேயே இருமொழிப் புலமையும் அவருக்குக் கைவந்தது.

கல்வி முடிந்ததும் வழக்கு மன்றத்தில் ஆவணங்களைக் காக்கும் பணியில் அமர்ந்தார். பின்னர் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். 1857ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் முன்சீப் என்னும் நீதிபதிப் பதவி ஏற்றார். தேனியர் ஆட்சியில் இருந்து, 1845இல் ஆங்கிலேயர் கைக்கு மாறிய கடற்கரை ஊர் அது. அங்கிருந்து சீகாழிக்கும், பின்னர் மாயூரத்துக்கும் மாற்றப்பெற்றார். இன்று மயிலாடுதுறை என வழங்கும் அம்மாயூரத்தில் நெடுங்காலம் நீதி வழங்கியமையால், அவ்வூர்ப் பெயர் அவர் பெயரோடு பிரியாது இணைந்துவிட்டது.

அந்நாளில் சட்டங்களும் தீர்ப்புகளும் ஆங்கிலத்தில் இருந்தன. தம் நிலத்தைப் பற்றியும் தம் உயிரைப் பற்றியும் மன்றத்தில் என்ன பேசப்படுகின்றது என்பதை அறியாமல் குடிமக்கள் திகைத்து நின்றனர். இக்கொடுமையைக் கண்டு வேதநாயகம் பிள்ளை வருந்தினார். 1805ஆம் ஆண்டு முதல் 1861ஆம் ஆண்டு வரையில் உயர் வழக்கு மன்றம் அளித்த தீர்ப்புகளைத் தமிழிற் சுருக்கித் தந்தார். அந்நூல் சித்தாந்த சங்கிரகம் எனப் பெயர் பெற்றது. மக்கள் மொழியில் விளங்காத நீதி, மக்களுக்கு எட்டாத நீதியே என்பது அவர் கொள்கை.

நீதிமன்றம் அவருக்கு மற்றோர் உண்மையையும் புலப்படுத்தியிருக்க வேண்டும். குற்றம் நிகழ்ந்த பின்னரே சட்டம் தன் கையை நீட்டுகின்றது. குற்றம் முளைக்கும் இடமோ மனித உள்ளம். பொய்ச் சான்று கூறுவோனையும், கையூட்டுப் பெறுவோனையும், உடன்பிறந்தார் மீதே வழக்குத் தொடுப்போனையும் தண்டனை அச்சுறுத்தலாம், திருத்தவல்லது நல்லறிவே. ஆதலின் அவர் 1859இல் நீதிநூல் என்னும் செய்யுள் நூலை வெளியிட்டார். பெண்கள் கல்வி பெறாமல் வீட்டிருளில் வாடுவதைக் கண்டு, 1869இல் பெண்மதி மாலையை இயற்றினார். பெண்கல்வியின் இன்றியமையாமையை உரைநடையாலும் வலியுறுத்தினார்.

மாயூரத்தில் அவர் வீடு புலவர்கள் கூடும் மன்றமாக விளங்கிற்று. திருவாவடுதுறை ஆதீனப் பெரும்புலவராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்தம் ஆருயிர் நண்பர். அவர் மீது குளத்துக் கோவை என்னும் நூலையே பாடியவர். ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரும், நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் அவரிடம் பேரன்பு பூண்டிருந்தனர். சைவ மடமும் கத்தோலிக்கக் குடும்பமும் இவ்வாறு தமிழால் தழுவி நின்றன. எனினும், நட்பின்பொருட்டு அவர் தம் சமயத்தை மறைத்தாரல்லர்; தம் சமயத்தின்பொருட்டு நட்பை இழந்தாரும் அல்லர்.

இந்நிலையில், 1876 முதல் 1878 வரையில் சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் பற்றியது. தாது ஆண்டில் தொடங்கியமையால் அதனைத் தாது வருடப் பஞ்சம் என்பர். வானம் பொய்த்தது, ஏரிகள் வறண்டன, கால்நடைகள் மாண்டன. வாழப்பாடியும் ஆத்தூரும் அடங்கிய சேலம் மாவட்டம், அப்பஞ்சத்தால் மிகவும் நலிந்த மாவட்டங்களுள் ஒன்று. காவிரி பாயும் மாயூரத்திலும் பசித்தோர் கூட்டம் பெருகிற்று. வேதநாயகம் பிள்ளை தம் பொருளையெல்லாம் எடுத்து ஏழையர்க்கு உணவளித்தார். சாதியும் சமயமும் வினவாமல், பசி ஒன்றையே கண்டு பகிர்ந்தளித்தார். அவ்வள்ளன்மையைக் கண்டு உருகிய கோபாலகிருஷ்ண பாரதியார், அவரைப் போற்றி இசைப்பாடல் ஒன்று இயற்றினார். சிவனடியார் புகழ் பாடிய வாய், கிறித்துவ அன்பர் ஒருவரின் கொடையைப் பாடிய காட்சி தமிழகத்துக்கே அணி அன்றோ?

பஞ்சம் தணிந்ததை அடுத்து, 1879ஆம் ஆண்டில் பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தது. தமிழில் தோன்றிய முதல் நாவல் அதுவே. தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையை நிரப்புவதும், தாம் முன்னர்ச் செய்யுளிற் கூறிய அறங்களைக் கதையால் விளக்குவதும் தம் நோக்கம் என்று அவர் அந்நூலின் முன்னுரையிற் குறித்தார். ஆங்கில அறிஞர் ஜான்சன் கருத்தைத் தழுவி, தலைமை மாந்தரைக் குறையற்ற நல்லோராகப் படைத்ததாகவும் அதில் தெரிவித்தார்.

சமயப் பற்றுடைய ஒருவர் கதை எழுதப் புகும்போது, அவர்முன் வழிகள் பல உள்ளன. ஆங்கில நாட்டில் ஜான் பனியன் என்பார் 1678இல் வெளியிட்ட கதையில், விண்ணகம் நாடிச் செல்லும் ஒருவனின் பயணத்தையே உருவகமாக்கினார். அதனைத் தழுவி, எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இரட்சணிய யாத்திரிகம் என்னும் பெருங்காப்பியத்தைத் தமிழிற் பாடி, 1894இல் வெளியிட்டார். சமய உண்மையையே கதையாக்குவது அவ்வழி. அதற்கு முன்னரே இத்தாலி நாட்டிலிருந்து வந்த வீரமாமுனிவர், தேம்பாவணியில் சூசையப்பர் வரலாற்றைக் காப்பியமாக்கினார். பரமார்த்த குருவின் கதையிலோ நகைச்சுவையை வழங்கினார். வேதநாயகம் பிள்ளை வேறொரு வழியைத் தேர்ந்தார். தம் சமயக் கோட்பாட்டைக் கதைப்பொருளாக்காமல், அச்சமயம் தமக்கு ஊட்டிய அன்பையும் வாய்மையையும் நம்பிக்கையையும் கதைமாந்தரின் வாழ்விலே நடமாட விட்டார்.

கதைத் தலைவன் பிரதாபன் செல்வக் குடியிற் பிறந்தவன். தலைவி ஞானாம்பாள் அறிவிற் சிறந்தவள். பெற்றோரின் பிடிவாதத்தாற் பல இடையூறுகள் நேர்ந்தபின், இருவரும் மணம் புரிகின்றனர். பின்னர் ஒருவரையொருவர் பிரிகின்றனர். விக்கிரமபுரி என்னும் நகரில், செருப்புத் தைக்கும் ஒருவனோடு நேர்ந்த சிறு வழக்கிற் சிக்கிப் பிரதாபன் சிறைப்படுகின்றான். அவனைத் தேடி ஆணுடை புனைந்து வந்த ஞானாம்பாளுக்கு யானை மாலை சூட்ட, அந்நகரத்தார் அவளையே அரசனாகக் கொள்கின்றனர். அவள் கணவனை மீட்டதோடு அமையவில்லை. முறைகேடு மலிந்த நாட்டை நீதிநெறியில் நிறுத்தினாள். பின்னர், எய்திய முடியைத் துறந்து தன் இல்லம் திரும்பினாள். இக்கதைக்கிடையே நகைப்பூட்டும் கிளைக்கதைகள் பல தொடர்ந்து வருகின்றன.

இக்கதையிற் சமயப் பற்று எங்கே உள்ளது என்று சிலர் வினவலாம். மாந்தரைத் தம் மதத்திற்கு அழைப்பது அக்கதையின் நோக்கம் அன்று. ஆயினும், கடவுள் உண்டு என்னும் உறுதி கதை முழுவதும் ஊடுருவிச் செல்கின்றது. துன்பத்திலும் இறைவன் கைவிடான் என்று மாந்தர் நம்புகின்றனர். இன்பம் வந்தபோது அவனுக்கு நன்றி செலுத்துகின்றனர். பழிக்குப் பழி வாங்குவதினும் பொறுத்தலே பெரிதெனக் காட்டப்படுகின்றது. ஆட்சி என்பது ஆள்வோரின் இன்பத்திற்கன்று, ஆளப்படுவோரின் நலத்திற்கே என்பதனை ஞானாம்பாளின் அரசு மெய்ப்பிக்கின்றது. பெண்ணின் அறிவை ஐயுற்ற காலத்தில், ஒரு நாட்டையே ஆளும் ஆற்றலைப் பெண்ணுக்கு அளித்தார் ஆசிரியர். வழக்கறிஞர்கள் தமிழ் மக்களின் வழக்கைத் தமிழர் முன்னிலையிலேயே ஆங்கிலத்தில் வாதிடும் வேடிக்கையையும் கதையில் எள்ளி நகையாடினார். கடவுளை அஞ்சும் நெஞ்சம் ஏழைக்கு இழைக்கப்படும் அநீதியையும் பொறாது என்பதற்கு இவை சான்றாகும்.

தம் கிறித்துவ நம்பிக்கையை வெளிப்படையாகப் பாடுவதற்கு அவர் வேறு நூல்களைக் கருவியாகக் கொண்டார். திருவருள் மாலை, தேவமாதா அந்தாதி, சத்திய வேதக் கீர்த்தனை முதலியன அவர்தம் சமய பக்தியினின்றும் கனிந்தவை. எல்லாச் சமயத்தாரும் ஒன்றுகூடிப் பாடத்தக்கதாக, சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை இயற்றினார். அவற்றுட் சில இன்றும் இசையரங்குகளில் ஒலிக்கக் கேட்கின்றோம். கோயிலிற் பாடவேண்டியது எது, கூடத்திற் பாடவேண்டியது எது, எல்லாரும் அமர்ந்து படிக்கவேண்டியது எது என்னும் பகுப்பை அவர் நன்குணர்ந்திருந்தார். 1887இல் சுகுணசுந்தரி என்னும் இரண்டாம் நாவலையும் வெளியிட்டார். இளமை மணத்தின் தீமையை அதிற் கடிந்தார்.

திறனாய்வாளர் சிலர், பிரதாப முதலியார் சரித்திரத்தில் அறிவுரை மிகுதி என்றும், கதைக்குள் கதை பெருகிப் போக்கினைத் தடுக்கின்றது என்றும், மாந்தர் முற்றும் நல்லவராக அமைந்தமையால் உயிரோட்டம் குன்றுகின்றது என்றும் கூறுவர். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால், பாதையில்லாக் காட்டில் முதன்முதல் வழி வெட்டியவரிடம், வழியின் அழகை மட்டும் வினவுதல் தகுமோ? அவர் வெட்டிய வழியிலே ராஜம் ஐயர் கமலாம்பாள் சரித்திரத்தையும், மாதவையா பத்மாவதி சரித்திரத்தையும் தந்தனர். அதன்பின் தமிழ் நாவல் ஆலெனத் தழைத்தது.

1889ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 21ஆம் நாள், வேதநாயகம் பிள்ளை இயற்கை எய்தினார். நீதிபதியாகவும், புலவராகவும், வள்ளலாகவும் வாழ்ந்த அவர் பெயர், கதையாசிரியர் என்னும் முறையிலேயே இன்று மிகுதியும் நினைக்கப்படுகின்றது. அதற்குத் தக்க காரணம் உண்டு. தம் சமயத்தை நெஞ்சார நம்பிய அவர், பிற சமயத்தாரும் தயங்காமல் கையில் எடுக்கத்தக்க கதையை எழுதினார். ஒருவர் கொண்ட நம்பிக்கையின் வன்மை, பிறரை வாதில் வெல்வதில் மட்டும் புலப்படுவதன்று. பிறரும் மகிழ்ந்து ஏற்கத்தக்க நன்மையாக அது கனிவதிலேயே சிறப்பாகப் புலப்படும். பஞ்ச காலத்தில் பசித்தவர் சமயத்தை வினவாமல் சோறிட்ட அதே கை, படிப்பவர் சமயத்தை வினவாமல் கதையையும் எழுதித் தந்தது. இவ்வுண்மையை உணர்ந்து அவர் நூலைப் பயில்வோமாயின், தமிழ் உரைநடைக்கு அவர் ஆற்றிய தொண்டும் அதற்கு அடிப்படையாய் நின்ற அருள் நெஞ்சமும் நமக்கு இனிது விளங்கும்.