மட்டை பிடித்த டாக்டர்

கிரிக்கெட் ஆட்டத்தின் தந்தை என்று உலகம் கொண்டாடும் ஒருவர், ஏழைத் தொழிலாளர்கள் வாழும் தெருவில் வைத்தியம் பார்த்த டாக்டர் என்பது பலருக்குத் தெரியாது.

அவர் பெயர் வில்லியம் கில்பர்ட் கிரேஸ். சுருக்கமாக டபிள்யூ.ஜி.கிரேஸ்.

ஆறடி இரண்டு அங்குல உயரம். மார்பில் புரளும் தாடி. பின்னாளில் மலை போலப் பருத்த உடல். விக்டோரியா மகாராணி இங்கிலாந்தை ஆண்ட காலத்தில், சின்னக் குழந்தைக்கும் தெரிந்த உருவம் அது.

கிரேஸ் ஆடினால் நுழைவுக் கட்டணம் இரண்டு மடங்கு என்று பலகையில் எழுதி வைத்த மைதானமும் உண்டு என்பார்கள்.

மைதானத்தில் அவரை வெல்வது எளிதல்ல. ஆனால் நோய் என்ற எதிரி அவர் குடும்பத்துக்குள் மூன்று முறை புகுந்து, மூன்று இளம் உயிர்களைக் கொண்டு போயிற்று. அவர் டாக்டராக இருந்தும் அதைத் தடுக்க முடியவில்லை.

அந்தக் கதைதான் இது.

டாக்டர் குடும்பம்

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்கு அருகே டவுனென்ட் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே 1848-ம் ஆண்டு ஜூலை மாதம் 18-ந் தேதி கிரேஸ் பிறந்தார்.

தந்தை ஹென்றி அந்த ஊர் டாக்டர். தாய் மார்த்தா. ஒன்பது பிள்ளைகள். அவர்களில் ஐந்து பேர் ஆண்கள்.

தந்தைக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். வீட்டுத் தோட்டத்தில் இருந்த பழமரங்களை வெட்டி, பிள்ளைகள் ஆடுவதற்கு இடம் செய்து கொடுத்தார். தாய்மாமன் ஆல்பிரட் போக்காக் ஆட்டம் சொல்லிக் கொடுத்தார். ஓடி ஓடிப் பந்து பொறுக்க வீட்டு நாய்களும் பழகிக் கொண்டன.

தாய் மார்த்தாவும் ஆட்டத்தின் நுணுக்கம் அறிந்தவர். ஒரு சமயம் அவர் இங்கிலாந்து அணியின் தலைவராக இருந்த ஜார்ஜ் பாருக்குக் கடிதம் எழுதினார். தன் மகன் எட்வர்டை அணியில் சேர்த்துக் கொள்ளும்படி கேட்டிருந்தார். அதோடு, அவனுக்கு ஒரு தம்பி இருக்கிறான், அவன் அண்ணனை விடப் பெரிய ஆட்டக்காரன் ஆவான் என்றும் எழுதியிருந்தார்.

அந்தத் தம்பிதான் கிரேஸ். தாயின் கணிப்பு பொய்க்கவில்லை.

14 வயதில் கிரேசுக்கு நிமோனியா காய்ச்சல் கண்டது. அந்தக் காலத்தில் நிமோனியா வந்தவர் பிழைப்பது கஷ்டம். கிரேஸ் பிழைத்தார். எழுந்த பிறகு மளமளவென்று வளர்ந்தார்.

கல்லும் குழியும்

18 வயது நிரம்பிய சில நாட்களில், லண்டன் ஓவல் மைதானத்தில் ஆட்டம் இழக்காமல் 224 ரன் எடுத்தார். அந்த ஆட்டம் முடியும் முன்பே, அனுமதி பெற்று வேறு ஓர் இடத்துக்குப் போனார். அங்கே தடை தாண்டும் ஓட்டப் பந்தயத்தில் கலந்து கொண்டு முதலாவதாக வந்தார்!

அந்தக் காலத்து மைதானங்கள் இன்று போல் வழவழப்பாக இருக்கவில்லை. கல்லும் குழியுமாக இருக்கும். பந்து எப்படி எழும்பும் என்று யாருக்கும் தெரியாது. ஒருவர் 100 ரன் எடுப்பதே அதிசயம்.

அப்படிப்பட்ட காலத்தில், 1871-ம் ஆண்டு மட்டும் கிரேஸ் 2,739 ரன் குவித்தார். பத்து முறை சதம் அடித்தார்.

1876-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவர் செய்தது அதைவிடப் பெரிய சாதனை. அடுத்தடுத்து மூன்று ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் 344 ரன். அடுத்ததில் 177 ரன். மூன்றாவதில் ஆட்டம் இழக்காமல் 318 ரன். எட்டே நாட்களில் மொத்தம் 839 ரன்!

முன் காலை நீட்டி ஆடுவது ஒரு வகை. பின்வாங்கி ஆடுவது இன்னொரு வகை. அதுவரை ஆட்டக்காரர்கள் இவற்றில் ஏதாவது ஒன்றை நம்பியே ஆடினார்கள். கிரேஸ் இரண்டையும் சேர்த்து ஆடினார். இன்று உலகம் முழுவதும் ஆடும் முறைக்கு அவரே வழி காட்டினார்.

11 ஆண்டுப் படிப்பு

அண்ணன்மார் மூவரும் டாக்டர் ஆனார்கள். கிரேசும் டாக்டர் ஆக வேண்டும் என்பது குடும்பத்தின் ஆசை. 1868-ம் ஆண்டு பிரிஸ்டல் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார்.

மூன்று ஆண்டுகள் கழித்துத் தந்தை இறந்து போனார். மகன் டாக்டர் ஆனதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

படிப்பு சுலபமாக முடியவில்லை. கோடைக்காலம் முழுவதும் ஆட்டம். குளிர்காலத்தில்தான் புத்தகம். 1873-ம் ஆண்டு ஆக்னஸ் என்ற பெண்ணை மணந்து கொண்டார். மணமான கையோடு, புது மனைவியை அழைத்துக் கொண்டு ஆஸ்திரேலியாவுக்கு ஆடப் போய்விட்டார்.

இப்படியே ஆண்டுகள் ஓடின. குழந்தைகள் பிறந்தன. கூடப் படித்தவர்கள் டாக்டர்களாகிச் சம்பாதிக்கத் தொடங்கிவிட்டார்கள். கிரேஸ் இன்னும் மாணவர்.

ஆனாலும் அவர் படிப்பைக் கைவிடவில்லை. லண்டனில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளில் பயிற்சி பெற்றார். 1879-ம் ஆண்டு நவம்பர் மாதம் டாக்டர் பட்டம் பெற்றார். சேர்ந்து 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போது அவருக்கு வயது 31.

ஏழைகளின் டாக்டர்

பிரிஸ்டல் நகரில் ஈஸ்டன் என்ற பகுதியில் அவர் வைத்தியசாலை வைத்தார். ஆலைத் தொழிலாளர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் வாழ்ந்த இடம் அது. ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கும் அரசாங்கப் பணியையும் ஏற்றுக் கொண்டார்.

நாடெங்கும் புகழ் பெற்றவர், பணக்காரர் வாழும் தெருவில் வைத்தியம் பார்த்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. காசு கொடுக்க முடியாதவர்களிடம் அவர் காசு கேட்டு வற்புறுத்துவதும் இல்லை.

கோடையில் அவர் ஆடப் போகும்போது, வைத்தியசாலையைப் பார்த்துக் கொள்ள இன்னொரு டாக்டர் இருப்பார். அந்தச் செலவைக் கிரிக்கெட் சங்கம் ஏற்றுக் கொண்டது. மற்ற மாதங்களில் மழையானாலும் பனியானாலும் நோயாளி வீட்டுக்குக் கிரேசே போவார்.

1885-ம் ஆண்டு பிரிஸ்டலில் ஓர் ஆட்டம் நடந்தது. அதன் நடுவே ஓர் இரவு முழுவதும் அவர் ஒரு நோயாளியின் அருகில் கண் விழித்திருந்தார் என்றும், பொழுது விடிந்ததும் மைதானத்துக்குப் போய் ஆடினார் என்றும் அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். அந்த ஆட்டத்தில் அவர் எடுத்தது 221 ரன். கடைசி வரை அவரை ஆட்டம் இழக்கச் செய்ய யாராலும் முடியவில்லை.

கழுத்தில் பாய்ந்த கம்பி

1887-ம் ஆண்டு மான்செஸ்டர் நகரில் ஆட்டம். கிரேஸ் அணியில் குரூம் என்ற இளைஞர் ஆடினார். எல்லைக் கோட்டை நோக்கி ஓடும் பந்தைப் பிடிக்க அவர் பாய்ந்து ஓடினார். ஓடிய வேகத்தில் நிற்க முடியவில்லை. மைதானத்தைச் சுற்றி இருந்த இரும்பு வேலியின் மேல் விழுந்தார்.

வேலியின் கூர்மையான கம்பி அவர் கழுத்தில் பாய்ந்தது!

கூட்டம் திகைத்து நின்றது. கிரேஸ் ஓடி வந்தார். காயத்தைத் தைத்தால்தான் உயிர் தப்பும். ஆனால் தைக்கும் ஊசி அங்கே இல்லை. அதை எடுத்து வர ஆள் ஓடினான்.

அதுவரை என்ன செய்வது? காயத்தின் இரண்டு ஓரங்களையும் கிரேஸ் தன் விரல்களால் சேர்த்துப் பிடித்துக் கொண்டார். ஒரு நிமிடம் அல்ல, இரண்டு நிமிடம் அல்ல. சுமார் அரை மணி நேரம்! கை சற்று நடுங்கினாலும் உயிர் போய்விடும். கிரேசின் கை நடுங்கவில்லை.

குரூம் பிழைத்தார். பின்னாளில் பத்திரிகைகளில் கிரிக்கெட் பற்றி எழுதும் எழுத்தாளர் ஆனார். இன்னும் 40 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

குறைகளும் உண்டு

கிரேஸ் குறையே இல்லாதவர் அல்ல. வெற்றிக்காகச் சில சமயம் கண்டிப்பு மீறியும் நடந்து கொள்வார்.

1882-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவுடன் ஓவல் மைதானத்தில் ஆட்டம். ஆஸ்திரேலிய இளைஞர் ஒருவர், ஒரு ரன் ஓடி முடித்த பிறகு தரையைச் சரி செய்யக் கோட்டை விட்டு வெளியே வந்தார். கிரேஸ் சட்டென்று பந்தால் விக்கெட்டைத் தட்டி அவரை அவுட் ஆக்கிவிட்டார். சட்டப்படி சரி. ஆனால் பெருந்தன்மை என்று யாரும் சொல்லவில்லை.

அதனால் ஆத்திரம் அடைந்த ஆஸ்திரேலியப் பந்து வீச்சாளர் ஸ்பொபோர்த், புயல் போல் பந்து வீசி இங்கிலாந்தைத் தோற்கடித்தார். 7 ரன் வித்தியாசத்தில் ஆஸ்திரேலியா வென்றது. இரு நாடுகளும் இன்றும் போட்டியிடும் 'ஆஷஸ்' பந்தயம் அந்தத் தோல்வியிலிருந்துதான் பிறந்தது.

இன்னொரு குறை பணம். கூலி வாங்காமல் ஆடுபவர் என்ற பெயர் கிரேசுக்கு. ஆனால் 1891-ம் ஆண்டு ஆஸ்திரேலியா போனபோது அவர் வாங்கிய தொகை 3,000 பவுன். கூலிக்கு ஆடியவர்களுக்கு அதில் ஒரு சிறு பங்குதான் கிடைத்தது.

மூன்று சாவுகள்

கிரேசின் கடைசித் தம்பி பிரெட். அவரும் சிறந்த ஆட்டக்காரர். அவரும் மருத்துவம் படித்தார். 1880-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், அண்ணன் எட்வர்ட், கிரேஸ், தம்பி பிரெட் மூவரும் இங்கிலாந்து அணியில் சேர்ந்து ஆடினார்கள். கிரேஸ் 152 ரன் எடுத்தார். ஊரே மகிழ்ந்தது.

அடுத்த இரண்டு வாரத்தில் பிரெட் இறந்து போனார். சளி பிடித்து, அது நிமோனியாவாக மாறி, உயிரைக் குடித்துவிட்டது. அவருக்கு வயது 29. பதினான்கு வயதில் கிரேசை விட்டு விட்டுப் போன அதே நோய், தம்பியை விடவில்லை.

கிரேசுக்கு மூன்று மகன்கள். பெஸ்ஸி ஒரே மகள். தந்தைக்குச் செல்லப் பெண். 1899-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் பெஸ்ஸிக்கு டைபாய்டு என்ற விஷக் காய்ச்சல் வந்தது. 20 வயதில் அவள் கண்ணை மூடினாள்.

மூத்த மகனுக்குத் தந்தையின் பெயரே. படித்து ஆசிரியர் ஆனவர். 1905-ம் ஆண்டு அவருக்குக் குடல்வால் நோய் கண்டது. ஆபரேஷன் செய்தார்கள். பிழைக்கவில்லை. வயது 30.

எத்தனையோ பேர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்தவர், தன் இரண்டு பிள்ளைகளைப் புதைக்க வேண்டியதாயிற்று.

இது அவர் குற்றம் அல்ல. அன்று மருத்துவம் அவ்வளவுதான் வளர்ந்திருந்தது. டைபாய்டு அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவுகிறது என்று அப்போதே தெரியும். 1896-ம் ஆண்டு தடுப்பூசியும் வந்துவிட்டது. ஆனால் அது அப்போது எல்லா வீடுகளையும் எட்டவில்லை. நோய் வந்த பின் குணப்படுத்த மருந்து இல்லை. நிமோனியாவைப் போக்கும் பென்சிலினை 1928-ம் ஆண்டுதான் பிளெமிங் கண்டுபிடித்தார். குடல்வால் ஆபரேஷன் அந்தக் காலத்தில் அரசருக்கே ஆபத்தாக இருந்தது. 1902-ம் ஆண்டு ஏழாம் எட்வர்ட் மன்னருக்கு அந்த நோய் வந்ததால், முடிசூட்டு விழாவையே தள்ளி வைத்தார்கள்.

இந்த மூன்று நோய்களும் இன்று நேரத்தோடு டாக்டரிடம் போனால் பெரும்பாலும் குணமாகக் கூடியவை.

கடைசி நாட்கள்

மகள் இறந்த அதே 1899-ம் ஆண்டு ஜூன் மாதம், கிரேஸ் இங்கிலாந்துக்காகக் கடைசி முறையாக ஆடினார். அப்போது அவருக்கு வயது 50. அந்த ஆட்டத்தில் இங்கிலாந்தைத் தோல்வியிலிருந்து காப்பாற்றியவர் இந்தியாவில் பிறந்த ரஞ்சித்சிங்ஜி. அவர் ஆட்டம் இழக்காமல் 93 ரன் எடுத்தார். பழைய சூரியன் மறையும்போது புதிய சூரியன் உதித்தது போல் இருந்தது.

அந்த ஆண்டே கிரேஸ் வைத்தியசாலையை மூடிவிட்டு லண்டனுக்குக் குடியேறினார். 1908-ம் ஆண்டு வரை பெரிய ஆட்டங்களில் ஆடினார். 59 வயதில் ஒருவர் அப்படி ஆடியது அதிசயம்தான்.

1914-ம் ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. நாடு போரில் இருக்கும்போது விளையாட்டு எதற்கு, இளைஞர்கள் ராணுவத்தில் சேர வேண்டும் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். லண்டன் மீது ஜெர்மனியின் ஆகாயக் கப்பல்கள் குண்டு வீசின. அந்தச் சத்தம் முதியவரின் மனதை மிகவும் வாட்டியது. 1915-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 23-ந் தேதி காலமானார். வயது 67.

44 ஆண்டு ஆட்டம். 54 ஆயிரத்துக்கு மேல் ரன். 2,800-க்கு மேல் விக்கெட். எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது.

1923-ம் ஆண்டு லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் அவர் நினைவாக வாசல் கட்டினார்கள். பெரும் கிரிக்கெட் ஆட்டக்காரர் என்று அதில் பொறித்தார்கள். டாக்டர் என்று பொறிக்கவில்லை.

ஈஸ்டன் தெருக்களில் அவர் கண் விழித்த இரவுகள் எத்தனை, வாங்காமல் விட்ட காசு எவ்வளவு என்பதற்கு எந்தப் புத்தகத்திலும் கணக்கு இல்லை. தம்பியைப் பறி கொடுத்த பிறகும், 19 ஆண்டுகள் அவர் அடுத்தவர் வீட்டு நோயாளியைப் பார்க்கப் போய்க் கொண்டுதான் இருந்தார்.