பி.கே.ரோசி: ஒரு வேடமும் அறுபது ஆண்டு மௌனமும்

கள்ளக்குறிச்சியில் நாங்கள் கூடிப் படிக்கும் சிறிய அறையின் சுவரில் அம்பேத்கர், அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், மீனாம்பாள் சிவராஜ் ஆகியோரின் படங்களுக்கு அருகே ஓர் இளம்பெண்ணின் கறுப்பு வெள்ளைப் படமும் தொங்குகிறது. மலையாள சினிமாவின் முதல் கதாநாயகி பி.கே.ரோசி என்று அறிமுகம் சொன்னபோது, வெள்ளிமலையிலிருந்து வந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர், அவர் எங்கள் ஆளா என்று ஆவலோடு கேட்டார். கல்வராயன் மலையின் பழங்குடியினருக்கு அரசு ஆவணங்களில் மலையாளி என்றே பெயர். அது மலையை ஆள்வோர் என்ற பொருளில் வழங்குவது. கேரளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று விளக்கியதும் அறையில் சிரிப்பு எழுந்தது. ஆனால் இந்தப் பெண் யாருடைய ஆள் என்ற அதே கேள்வியைத்தான் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் திருவனந்தபுரத்தின் திரையரங்கு ஒன்றில் கையில் கல்லோடு கேட்டார்கள். மாணவர் சொந்தம் கொண்டாடக் கேட்டார். அவர்கள் விரட்டக் கேட்டார்கள்.

ரோசி 1903 பிப்ரவரி 10 அன்று திருவனந்தபுரத்தின் நந்தன்கோட்டில் புலையர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ராஜம்மா. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1855இல்தான். அதாவது அவருடைய பாட்டன் தலைமுறை, நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட தலைமுறை. அவர் பிறப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1893இல், அய்யன்காளி வில்லுவண்டி ஏறிப் புலையர் நடக்கக் கூடாத பொதுச்சாலையில் ஓட்டிக் காட்டினார். பஞ்சமி என்ற சிறுமியை ஊருட்டம்பலம் பள்ளியில் சேர்க்க அவர் அழைத்துச் சென்றபோது, அந்தப் பள்ளிக்கே தீ வைத்தார்கள். 1915இல், ரோசிக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, பெரிநாட்டில் புலையர் பெண்கள் தங்கள் கழுத்தில் சாதி அடையாளமாகச் சுமத்தப்பட்டிருந்த கல்லுமாலைகளை அறுத்தெறிந்தனர். எந்தப் பெண் எந்த நகையை அணியலாம், எந்தத் துணியை உடுத்தலாம் என்பது அந்த நாட்டில் அழகு சார்ந்த விஷயமாக இருக்கவில்லை. அது ஆட்சி சார்ந்த விஷயம். ரோசிக்கு நேர்ந்ததைப் புரிந்துகொள்ள இதை மனத்தில் இருத்த வேண்டும்.

தந்தையை இளம் வயதிலேயே இழந்து, புல் அறுத்துப் பிழைத்த அவரைக் கலை தன் பக்கம் இழுத்தது. காக்காரிசி என்ற நாட்டார் நாடகத்தை அவர் முறையாகக் கற்றார். சிவனும் பார்வதியும் நாடோடிக் குறவர்களாக மண்ணுக்கு வருவதைப் பாட்டும் கேலியுமாகச் சொல்லும் அந்த நாடகம் தமிழும் மலையாளமும் கலந்தது. அதில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டுவது வழக்கம். காக்காத்தி வேடத்தை ஏற்ற முதல் பெண் ரோசி என்பது ஆய்வாளர்களின் கூற்று. ஆகவே சினிமா அவரைக் கண்டெடுத்து நடிகையாக்கியது என்று சொல்வது சரியன்று. சினிமா அவரிடம் வந்தபோது அவர் ஏற்கெனவே மேடை வழக்கம் ஒன்றை மாற்றிக் காட்டிய கலைஞர். ராஜம்மா எப்படி ரோசம்மாவானார், ரோசியானார் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. குடும்பம் கிறித்தவம் தழுவியதால் வந்த பெயர் என்போர் உண்டு. படத்துக்காக வைத்த பெயர் என்போரும் உண்டு.

அவரைத் திரைக்குக் கொண்டுவந்த ஜே.சி.டேனியல், இன்றைய குமரி மாவட்டத்தின் அகஸ்தீஸ்வரத்தோடு தொடர்புடைய நாடார் கிறித்தவக் குடும்பத்தவர். குடும்ப நிலத்தை விற்றுத் திருவனந்தபுரம் பட்டத்தில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்ற ஸ்டுடியோவைத் தொடங்கினார். எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, தயாரிப்பு, நாயகன் வேடம் எல்லாவற்றையும் தானே ஏற்றார். புராணக் கதைகளே படமாகிக்கொண்டிருந்த காலத்தில் ‘விகதகுமாரன்’ என்ற சமூகக் கதையை அவர் தேர்ந்தெடுத்தது துணிச்சல்தான். இலங்கைக்குக் கடத்தப்பட்ட செல்வர் வீட்டுப் பிள்ளை ஒருவனைச் சுற்றிய கதை அது. நாயகி சரோஜினி ஒரு நாயர் குடும்பத்துப் பெண். பம்பாயிலிருந்து நடிகையை வரவழைக்கும் முயற்சி கைகூடாதபோது, படத்தில் வில்லனாக நடித்த ஜான்சன் வழியாக ரோசி அறிமுகமானார் என்பர்.

தோளில் சீலை போடும் உரிமைக்காக நாடார் பெண்கள் பல பத்தாண்டுகள் அடிபட்டு, 1859இல் அரச ஆணை பெற்ற மண் அது. அந்தச் சமூகத்திலிருந்து வந்த ஒருவர், புலையர் பெண்ணுக்கு நாயர் பெண்ணின் புடவையையும் நகையையும் அணிவித்துக் கேமரா முன் நிறுத்தினார். தான் செய்வது எத்தகைய மீறல் என்பதை டேனியல் எந்த அளவுக்கு உணர்ந்திருந்தார் என்று நம்மால் சொல்ல இயலாது. ரோசி நன்கு உணர்ந்திருந்தார் என்றே தோன்றுகிறது. நாளொன்றுக்கு ஐந்து ரூபாய் கூலியில் பத்து நாள் அவர் நடித்ததாகப் பதிவாகியிருக்கிறது. காலையில் தன் உணவைக் கையோடு கொண்டு வருவாராம். மற்றவர்களோடு அமர்ந்து உண்ணத் தயங்குவாராம். மாலையில் சரோஜினியின் நகைகளைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் குடிசைக்குத் திரும்புவாராம். திரைக்குள் நாயர், திரைக்கு வெளியே புலையர். இந்த ஏற்பாடு படப்பிடிப்பு நடந்த வரை எவருக்கும் தொல்லை தரவில்லை.

படம் திருவனந்தபுரம் கேபிடல் அரங்கில் திரையிடப்பட்டது. 1928 நவம்பர் 7 என்று ஒரு சாராரும், 1930 அக்டோபர் 23 என்று பிற்கால ஆய்வாளர்களும் நாள் குறிக்கின்றனர். விழாவைத் தொடங்கி வைக்க வந்த புகழ்பெற்ற வழக்கறிஞர் மல்லூர் கோவிந்தப் பிள்ளை, ரோசி அரங்கில் இருந்தால் தான் வர இயலாது என்று நிபந்தனை விதித்தார். டேனியலும் தம் நாயகியை முதல் காட்சிக்கு அழைக்கவில்லை. கலவரத்துக்கு அஞ்சினார் என்று அவர் தரப்பில் சொல்லப்படுவதுண்டு. அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது என்பதை ஏற்கலாம். எனினும், சாதிக்கு எதிராக ஒரு காலை எடுத்து வைத்தவர் மறு காலை எடுத்து வைக்கவில்லை என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். தன் படத்தைப் பார்க்க ரோசி தானாகவே வந்தார் என்றும், வெளியே நிறுத்தப்பட்டார் என்றும் செய்திகள் உண்டு.

நாயகியின் கூந்தலில் இருந்த பூவை நாயகன் முத்தமிடும் காட்சி வந்ததும் திரையை நோக்கிக் கற்கள் பறந்தன. காதல் காட்சியால் எழுந்த கலாசார அதிர்ச்சி அது என்று சிலர் எழுதுவதுண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. மேடையில் ஆண்கள் பெண் வேடமிட்டுக் காதல் புரிவதை அதே கூட்டம் காலங்காலமாகக் கண்டு களித்தது. ஆண் பெண்ணாக நடிக்கலாம். மனிதர் தெய்வமாகவும் நடிக்கலாம். புலையர் பெண் நாயர் பெண்ணாக நடிப்பது மட்டும் பொறுக்கவில்லை. ஏனெனில், அந்தப் புடவையும் நகையும் நடையும் பிறப்பால் வருவன அல்ல, எவர் அணிந்தாலும் பொருந்துவன என்று திரை காட்டிவிட்டது. சாதியும் கழற்றி மாட்டக்கூடிய ஓர் உடைதான் என்ற உண்மை, பேச்சற்ற அந்தப் படத்தில் உரக்கக் கேட்டது. கல் விழுந்தது அந்த உண்மையின் மீது.

கல்லோடு நிற்கவில்லை. ரோசியின் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். இரவோடு இரவாக ஓடியவர், சாலையில் வந்த லாரி ஒன்றில் ஏறி நாகர்கோவில் சேர்ந்தார். அந்த லாரியை ஓட்டிய கேசவப் பிள்ளை என்ற நாயரையே மணந்துகொண்டார்.

ரோசி தமிழ்நாட்டுக்குத் தப்பினார் என்று ஏறத்தாழ எல்லாக் கட்டுரைகளும் எழுதுகின்றன. இங்கே ஒரு திருத்தம் தேவை. அன்றைய நாகர்கோவில் திருவிதாங்கூரின் பகுதி. 1956 நவம்பர் 1 அன்றுதான் அது தமிழகத்தோடு இணைந்தது. ரோசி கடந்தது ஏறத்தாழ 65 கிலோமீட்டர் மட்டுமே. எந்த எல்லையையும் அவர் கடக்கவில்லை. அதே மன்னர், அதே சட்டம், அதே சாதி ஒழுங்கு. அவர் மாற்றிக்கொண்டது ஊரை விடவும் பெயரையும் பிறப்பையும்தான். ராஜம்மா என்று பிறந்து ரோசியானவர், ராஜம்மாள் ஆனார். நாயர் ஒருவரின் மனைவியாக வாழ்ந்தார். பிள்ளைகள் தந்தையின் சாதியில் வளர்ந்தனர். தான் நடித்ததை அவர் வெளியே சொல்லவில்லை.

ரோசியின் வாழ்க்கையில் நம்மை உறங்கவிடாத இடம் இதுதான். நாயர் பெண்ணாகத் திரையில் பத்து நாள் தோன்றியதற்காகக் கல்லெறியப்பட்டவர், உயிர் பிழைப்பதற்காக மீதமிருந்த வாழ்நாள் முழுவதும் அந்த வேடத்தையே ஏற்க நேர்ந்தது. இம்முறை கூலி இல்லை, மாலையில் கழற்றி வைக்கவும் முடியாது. சாதி ஒழுங்குக்கு இதில் முரண் ஏதும் தென்படவில்லை. மறைத்தால் வாழலாம், அறிவித்தால் சாகலாம் என்பதே அதன் விதி. கள்ளக்குறிச்சியிலோ சேலத்திலோ வாடகைக்கு அறை தேடும் நம் மாணவர்கள், ஊர் எது என்ற கேள்விக்குக் காலனியின் பெயரை விழுங்கிவிட்டு ஊர்ப் பெயரை மட்டும் சொல்வதை நாம் அறிவோம். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல நமக்கு மனம் வராது. ராஜம்மாளின் மௌனத்தையும் அப்படியே அணுக வேண்டும்.

அதே காலத்தில் பிறர்க்கு நேர்ந்ததை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1931இல் ‘காளிதாஸ்’ படத்தில் நடித்த டி.பி.ராஜலட்சுமி பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவர். நாடகத்துக்கு வந்த பெண் என்ற ஏளனம் அவரையும் விடவில்லை. ஆயினும் அவர் சினிமா ராணி ஆனார், 1936இல் ‘மிஸ் கமலா’வை இயக்கவும் செய்தார். கல்வராயன் மலைக்கு மேற்கே, சேலத்தில் டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் 1938இல் முதல் மலையாளப் பேசும் படமான ‘பாலன்’ படத்தைத் தயாரித்தது. அதில் எம்.கே.கமலம் நாயகியானார். ரோசியை அழைத்து வந்ததாகச் சொல்லப்படும் ஜான்சனின் மகள் பி.எஸ்.சரோஜா, பின்னாளில் ‘ஜெனோவா’வில் எம்.ஜி.ஆருக்கு இணையாக நடித்தார். பெண் நடிக்க வந்ததற்கு ஒரு விலை இருந்தது. தலித் பெண் நடிக்க வந்ததற்கு இருந்த விலை வேறு.

டேனியலும் வீழ்ந்தார். ஸ்டுடியோவை இழந்து, பல் மருத்துவராகப் பிழைத்து, 1975இல் அகஸ்தீஸ்வரத்தில் வறுமையில் இறந்தார். நலிந்த கலைஞர்களுக்கான உதவித்தொகையை, அவர் வாழும் ஊர் தமிழ்நாட்டில் இருப்பதாகச் சொல்லிக் கேரள அரசு மறுத்தது. அவரை மீட்டெடுத்தவர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்ற பத்திரிகையாளர். ரோசியைத் தேடிப் பல்லாண்டுகள் உழைத்தவர் தலித் எழுத்தாளர் குன்னுக்குழி எஸ்.மணி. டேனியல் பெயரில் கேரள அரசு 1992 முதல் மாநிலத்தின் உயரிய திரை விருதை வழங்குகிறது. ரோசிக்கு அப்படி ஒன்றும் அமையவில்லை. 2013இல் வந்த கமலின் ‘செல்லுலாய்ட்’ ரோசியைப் பரவலாக அறிமுகம் செய்தது உண்மை. ஆனால் அவரைக் கண்கலங்கி, கூனிக்குறுகி நிற்கும் அப்பாவியாகக் காட்டியது என்று தலித் பெண்ணியர்கள் கடுமையாக விமர்சித்தனர். அந்த விமர்சனம் நியாயமானது. ஆண்கள் கட்டிய வேடத்தை மேடையில் பறித்துக்கொண்ட பெண் அப்படிக் குறுகி நின்றிருக்க மாட்டார்.

இவையெல்லாம் தொலைவான காலத்துக் கதைகள் என்று எண்ணிவிடக் கூடாது. நம் கல்வராயன் மலையில் ஜாகிர்தார்களின் ஆட்சி முடிவுக்கு வந்தது 1976இல். அதுவரை மலைமக்கள் அவர்களுக்குக் கூலியின்றி உழைத்தனர். அந்த ஆண்டில் ராஜம்மாள் உயிரோடு இருந்தார். அவர் இறந்தது 1988இல் என்று அறிகிறோம். எந்தப் பத்திரிகையும் அதைச் செய்தியாக்கவில்லை. ‘விகதகுமாரன்’ படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. 2019இல் கேரளத்தின் சினிமாப் பெண்கள் கூட்டமைப்பு ரோசி பெயரில் திரைப்படச் சங்கம் தொடங்கியது. பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் சென்னையில் திரைப்பட விழா நடத்துகிறது. 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் அவரை வரைந்து வைத்தது.

அந்த ஓவியத்துக்கு மூலமான புகைப்படம், எங்கள் சுவரில் தொங்கும் அதே படம், ரோசியுடையதுதானா என்பதில் ஆய்வாளர்களுக்கு ஐயம் உண்டு. இதைச் சொன்னபோது, அப்படியானால் படத்தைக் கழற்றிவிடலாமா என்று ஒருவர் கேட்டார். வெள்ளிமலை மாணவர் வேண்டாம் என்றார். படத்தின் கீழே ரோசி என்று மட்டும் எழுதியிருந்தோம். அவர் பேனாவை வாங்கி, அதற்கு முன்னால் ராஜம்மா என்றும் பின்னால் ராஜம்மாள் என்றும் சேர்த்து எழுதினார்.